அத்தியாயம் 7: ஒளிவழி இணைப்பில் ஒட்டுக்கேட்பைத் தடுப்பது

இரண்டு மொட்டை மாடிகளுக்கு நடுவே ஒளிக்கற்றை வழியே தரவை அனுப்பும் கருவியை விற்க வருபவர் அநேகமாக இப்படித்தான் தொடங்குவார்: "லேசர் சார், ஊசி மாதிரி நேரா போகும். நடுவுல யாரும் ஒட்டுக்கேட்கவே முடியாது." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி, நோயாளிகளின் பதிவேடுகளையும் சம்பளப் பட்டியல்களையும் எந்தப் பூட்டும் இல்லாமல் வானத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். நேராகப் போகும் என்பது உண்மை. ஊசி மாதிரி என்பது உண்மையில்லை. ஒட்டுக்கேட்க முடியாது என்பது ஆபத்தான பேச்சு.

இந்தக் கருவிகளை வாங்கக் காரணங்கள் இருக்கின்றன. சாலையைத் தோண்டி ஃபைபர் போட மாநகராட்சி அனுமதி வேண்டும், ரயில் பாதை குறுக்கிட்டால் ரயில்வே அனுமதியும் வேண்டும். ஒளிக்கு அலைக்கற்றை உரிமம் தேவையில்லை. காலையில் மாட்டினால் மாலையில் ஜிகாபிட் வேகம் கிடைக்கும். ஆல்ஃபபெட் நிறுவனத்தின் 'தாரா' திட்டம் 2021-இல் காங்கோ ஆற்றின் இரு கரையிலுள்ள பிரஸாவில், கின்ஷாசா நகரங்களை 4.8 கிலோமீட்டர் நீளக் கற்றையால் இணைத்து, 20 நாளில் ஏறக்குறைய 700 டெராபைட் தரவை அனுப்பிக் காட்டியது. ஆந்திர மாநில ஃபைபர்நெட் நிறுவனமும் 2017 டிசம்பரில் இதே வகையில் 2,000 இணைப்புகள் அமைக்கப்படும் என்று அறிவித்தது. ஆகவே இந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் உங்களில் பலர் என்றாவது ஒருநாள் இப்படியொரு இணைப்பைப் பராமரிக்கப் போகிறீர்கள்.

தொழில்நுட்பம் புதிது போலத் தோன்றினாலும் பழையது. 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் சார்லஸ் சம்னர் டெயின்டரும் வாஷிங்டனில் சூரிய ஒளியை ஒரு மெல்லிய ஆடியில் பட்டுத் தெறிக்கவைத்து, 213 மீட்டர் தூரத்துக்கு மனிதக் குரலை அனுப்பினார்கள். அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில் வேறொருவர் பெல்லின் வாங்கும் கருவியில் இருந்தது போன்ற செலினிய உணரியோடு நின்றிருந்தால் அவருக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும். லேசர் வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. வெளிச்சம் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் தரவும் விழுகிறது.

கற்றையை அளந்து பாருங்கள்

கருவியின் விவரத் தாளில் கற்றை எவ்வளவு விரியும் என்பதை மில்லிரேடியனில் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணைத் தூரத்தோடு பெருக்குங்கள். மில்லிரேடியனைக் கிலோமீட்டரால் பெருக்கினால் மறுமுனையில் விழும் ஒளிவட்டத்தின் குறுக்களவு மீட்டரில் வந்துவிடும். 2 மில்லிரேடியன், 1 கிலோமீட்டர் என்றால் வட்டம் 2 மீட்டர். ஒரு கதவின் உயரம்.

ஏன் இவ்வளவு அகலமாக விடுகிறார்கள்? கட்டடம் அசைகிறது. வெயிலில் ஒரு பக்கம் சூடேறி இரும்புத் தூண் நூலிழை வளைந்தாலும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கற்றை ஒரு சாண் நகர்ந்துவிடும். மெல்லிய கற்றையாக இருந்தால் லென்ஸைத் தவறவிடும். தானே குறிபார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத கருவிகள் அகலமான கற்றையை வைத்துத்தான் சமாளிக்கின்றன.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். காகிதத்தை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள், ஏனென்றால் இந்த அத்தியாயம் முழுவதும் இந்த எண்கள் திரும்ப வரும். அனுப்பும் கருவி 100 மில்லிவாட் ஒளியை விடுகிறது. 2 மீட்டர் வட்டத்தில் அது சீராகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாங்கும் லென்ஸின் குறுக்களவு 20 சென்டிமீட்டர். வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். பரப்பில் நூறில் ஒரு பங்கு. ஆக, உங்களுக்குக் கிடைப்பது 1 மில்லிவாட். மீதி 99 மில்லிவாட் உங்கள் கருவியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த வட்டத்துக்குள் எங்காவது ஒருவர் 8 சென்டிமீட்டர் லென்ஸ் ஒன்றை வைத்தால், அதில் விழுவது 0.16 மில்லிவாட். ஜிகாபிட் வேகத்துக்கான சாதாரண ஒளியுணரி ஒன்றுக்கு 0.01 மில்லிவாட் இருந்தாலே போதும். அவருக்குத் தேவையானதைப் போல 16 மடங்கு அவர் கையில் இருக்கிறது. உங்கள் கருவியைத் தொடவில்லை, கற்றையை மறைக்கவில்லை, உங்கள் பக்கம் ஒளி துளிகூடக் குறையவில்லை. இப்படி நடந்தால் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

உங்கள் லென்ஸுக்குத் தேவை 0.01 மில்லிவாட், கிடைப்பது 1 மில்லிவாட் என்பதையும் கவனித்தீர்களா? நூறு மடங்கு கூடுதல். பனிக்கும் மழைக்கும் என வைத்திருக்கும் கையிருப்பு அது. வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் அந்தக் கையிருப்பு ஒட்டுக்கேட்பவருக்குச் செலவாகிறது. அதனால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் வசதி, வானிலைக்கேற்பத் தானே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திறன். தெளிந்த நாளில் 100 மில்லிவாட்டை 5 மில்லிவாட்டாகக் குறைத்தால் உங்களுக்கு 0.05 மில்லிவாட் கிடைக்கும். ஐந்து மடங்கு கையிருப்பு மிஞ்சும். அதே 8 சென்டிமீட்டர் லென்ஸுக்கு 0.008 மில்லிவாட்தான். அவருக்குப் போதாது. பெரிய லென்ஸோடு வந்தால் அவருக்கு மறுபடி கிடைத்துவிடும். ஆனால் பெரிய லென்ஸை ஒளித்துவைப்பது கடினம். இந்த வேலையில் கிடைக்கும் ஆதாயங்கள் பெரும்பாலும் இப்படிச் சிறியவைதான். ஒவ்வொன்றையும் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தானே குறிபார்க்கும் கருவிக்கு விலை அதிகம். ஆனால் அது கற்றையை அரை மில்லிரேடியன் அளவுக்குச் சுருக்க இடம் தருகிறது. ஒளிவட்டம் 2 மீட்டரிலிருந்து அரை மீட்டராகும். பரப்பு பதினாறில் ஒரு பங்காகும். அரை மீட்டர் வட்டத்துக்குள் வேறொருவர் லென்ஸ் வைக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட உங்கள் கருவியின் மேலேயே வந்து நிற்க வேண்டும். பணம் இருந்தால் இதற்குச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

தாண்டிப் போகும் ஒளி எங்கே விழுகிறது?

அனுப்பும் முனையில் கருவிக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். (கருவியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சில கருவிகள் வெறுங்கண்ணுக்கு ஆபத்தில்லாத '1எம்' வகை லேசரைக் கொண்டவை. அவற்றைத் தொலைநோக்கி வழியே பார்த்தால் கண் போய்விடும். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கைபேசி கேமராவுக்கும் தெரியாது. எரியவில்லை என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம்.) மறுமுனைக் கருவிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வெறும் வானமா, இன்னொரு அடுக்குமாடியா, ஒரு தங்கும் விடுதியின் ஜன்னல்களா? அடுத்த கட்டடம் இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால்கூட அங்கே ஒளிவட்டம் 4 மீட்டர். ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்கு. நம் கணக்குப்படி 8 சென்டிமீட்டர் லென்ஸுக்கு அங்கும் 0.04 மில்லிவாட் கிடைக்கும். வாடகைக்கு ஓர் அறை எடுத்தால் போதும்.

நான் எப்போதும் செய்யும் ஏற்பாடு இது. வாங்கும் கருவியை மாடியின் விளிம்பில், கைப்பிடிச் சுவர்மேல் வைக்க விடமாட்டேன். மாடிப்படி முடியும் அறையின் சுவருக்கு முன்னால் வைப்பேன். தாண்டிப்போகும் ஒளி நம் சுவரிலேயே விழுந்து சிதறிவிடும். சுவர் கிடையாதென்றால், கருவிக்குப் பின்னால் ஒளிவட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக மங்கிய கறுப்புப் பூச்சுடைய ஒரு தகட்டை நிறுத்துங்கள். காற்றில் பறக்காதபடி அடித்தளத்தோடு போல்ட் போட வேண்டும். இரு முனைகளில் ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்றால் சௌகரியம். மேலிருந்து கீழே வரும் கற்றையின் மிச்சம் தரையில் விழும். கீழிருந்து மேலே போகும் கற்றைக்குத்தான் தகடு அவசியம்.

கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் தனிக் கவலை. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து 8 சதவீதம். சுவர் போல நாலாபுறமும் சிதறடிக்காமல், ஆடி போல ஒரே திசையில் திருப்புகிறது என்பதால் அந்த 8 சதவீதமும் கற்றையாகவே போகிறது. அது தெருவுக்கு எதிரே இருக்கும் கட்டடத்தில் போய் விழும். கருவியைக் கண்ணாடி முகப்பில் பொருத்தியே ஆக வேண்டுமென்றால், சுற்றியுள்ள சதுரங்களில் உள்ளிருந்து ஒட்டும் படலத்தால் பயனில்லை. வெளிப்பக்கம் மங்கிய தகடு வேண்டும்.

அறைக்குள் விளக்கொளியில் இணையம் தரும் லைஃபை பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாக வரும். இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஒளி சுவரைத் தாண்டாது, ஆகவே லைஃபை பாதுகாப்பானது என்பார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் 2015-இல் சேர்ந்து செய்த ஆய்வில், கதவின் அடி இடுக்கு, சாவித்துளை, ஜன்னல் வழியே கசியும் வெளிச்சத்திலிருந்தே தரவை எடுத்துக் காட்டினார்கள்.

குறியாக்கம்: இதில் சமரசம் கூடாது

கற்றையைச் சுருக்குவதும் தகடு வைப்பதும் ஒட்டுக்கேட்பவரின் வேலையைக் கடினமாக்கும். அவர் கேட்டாலும் எதுவும் புரியாமல் செய்வது குறியாக்கம் மட்டுமே. கற்றையை ஒரு பொதுச் சாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பூட்டு வேண்டும்.

விற்பவரிடம் கேட்டால் "உள்ளேயே ஸ்க்ராம்பிளிங் இருக்கு சார்" என்பார். அது வேறு. ஒன்றுகளும் பூச்சியங்களும் நீளமாக ஒரே மாதிரி வந்தால் வாங்கும் கருவி நேரக்கணக்கைத் தவறவிடும் என்பதற்காக அவற்றைக் கலைத்து அனுப்புவதுதான் ஸ்க்ராம்பிளிங். எப்படிக் கலைப்பது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதில் ரகசியம் கிடையாது. "ஏ.இ.எஸ். 256 உண்டா, சாவியை நான் வைக்கலாமா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால், கருவியை வெறும் குழாயாக வைத்துக்கொண்டு குறியாக்கத்தை நீங்களே இரு பக்கமும் செய்துகொள்ளுங்கள். உண்மையில், பதில் தெளிவாக வந்தாலும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

வழிகள் இரண்டு. மேக்செக் என்பது 2006-இல் ஐ.இ.இ.இ. 802.1ஏ.இ. என்ற தரமாக வெளிவந்தது. ஸ்விட்சின் போர்ட்டிலேயே ஒவ்வொரு ஃபிரேமையும் பூட்டுகிறது. வேகம் குறையாது, தாமதம் மிகக் குறைவு. ஐபிசெக் ரவுட்டர்களுக்கு இடையே சுரங்கம் அமைக்கிறது. நடுவில் என்ன இருந்தாலும் வேலை செய்யும், ஆனால் சிறிய ரவுட்டர்கள் ஜிகாபிட் வேகத்தில் மூச்சு வாங்கும். இரு கட்டடங்களுக்கு நடுவே ஒரே ஒரு கற்றை என்றால் மேக்செக். வழியில் வேறு கருவிகள், மாற்றுப் பாதைகள் என்றால் ஐபிசெக்.

மேக்செக் வைப்பவர்கள் வழக்கமாகச் சிக்கும் இடங்களைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 32 பைட் வரை கூடும். ஒளிக்கருவிக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் சிப் வழக்கமான நீளத்தைத் தாண்டிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். பிங் போகும், சின்ன மின்னஞ்சல் போகும், பெரிய கோப்பு மட்டும் நின்றுவிடும். இரண்டு நாள் ஃபைர்வாலைக் குடைந்துகொண்டிருப்பார்கள். முதலிலேயே முழுநீள ஃபிரேமை அனுப்பிச் சோதியுங்கள். இரண்டாவது, இரு ஸ்விட்சுகளும் சாவியைப் பேசிக்கொள்ள அனுப்பும் ஃபிரேம்கள் ஒரு தனி முகவரிக்குப் போகின்றன. தரப்படி நடக்கும் ஸ்விட்ச் சிப் அவற்றைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும், கடத்தாது. நடுவில் இருக்கும் ஒளிக்கருவி அவற்றைக் கடத்துமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, பழைய மேக்செக்கில் பாக்கெட் எண் 32 பிட்தான். 10 ஜிகாபிட் இணைப்பில் சின்னச் சின்ன ஃபிரேம்களாகவே போனால் சில நிமிடங்களிலேயே எண்கள் தீர்ந்து புதுச் சாவி எடுக்க வேண்டிவரும். 64 பிட் எண் கொண்ட விரிவு வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பல ஸ்விட்சுகளில் "பாதுகாப்பு முடிந்தால் சரி" என்றொரு அமைப்பும் "பாதுகாப்பு கட்டாயம்" என்றொரு அமைப்பும் இருக்கும். முதலாவதில், சாவி பொருந்தவில்லையென்றால் ஸ்விட்ச் பூட்டில்லாமலே தரவை அனுப்பத் தொடங்கிவிடும். திரையில் பச்சை விளக்கு எரியும். எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். இணைப்பை ஒப்படைக்கும் நாளில் ஒரு முனையில் சாவியை வேண்டுமென்றே தவறாக மாற்றுங்கள். இணைப்பு செத்துவிட வேண்டும். சாகவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் யோசித்து எழுதியதாக இருக்கக் கூடாது, இயந்திரம் தற்செயலாக உருவாக்கியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனிச் சாவி. வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. பொருத்த வந்த ஒப்பந்ததாரர் வேலையை முடித்துக் கிளம்பிய அன்று மாலையே மாற்றிவிட வேண்டும்.

போகிக் காலை

இந்த அத்தியாயத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவைத்த நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். சாலைக்கு இரு பக்கமும் இரண்டு கட்டடங்கள், நடுவே ஓர் ஒளி இணைப்பு. குறியாக்கம் ஒழுங்காக இருந்தது. நானே சோதித்திருந்தேன். போகியன்று காலை ஆறரை மணிக்கு அங்கிருந்த பராமரிப்புத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், லைட் லிங்க் டவுன் ஆயிடுச்சு. ஒரே புகை, எதிர் பில்டிங்கே தெரியல. ஆனா நெட் ஓடுது சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"நெட் ஓடுதுன்னா எதுல ஓடுது தம்பி?"

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "ரேடியோவுல சார். அந்த வெள்ளைத் தட்டு ஒண்ணு மாட்டியிருக்கே, அதுல" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒளிக்குத் துணையாக ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. அதை மாட்டியவர் குறியாக்கத்தை இயக்கவே இல்லை. அதன் நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லும் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தது. மேக்செக் ஒளிப் பாதையின் போர்ட்டில் மட்டும். ஆக, புகை மூடிய அந்த மூன்று மணி நேரமும் அந்த மருத்துவமனையின் பரிசோதனை முடிவுகள் எல்லாம் பூட்டில்லாமல், நாலாபுறமும் பரவும் ரேடியோ அலையில் போயின. கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கூடப் பிடித்திருக்கலாம். குறை என்னுடையதும்தான், ஒளிப் பாதையைச் சோதித்த நான் ரேடியோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூடுபனியும் புகையும் ஒளிக்குப் பெரும் எதிரிகள். நுண்துளிகளின் அளவு ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமாக இருப்பதால் அவை கனமழையைவிட மோசமாக ஒளியைச் சிதறடிக்கின்றன. 10 டெசிபல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், 20 என்றால் நூறில் ஒரு பங்கு. அடர்ந்த மூடுபனியில் இழப்பு கிலோமீட்டருக்கு 100 டெசிபலையும் தாண்டும். எந்தக் கையிருப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வைத்தன. அப்படிப்பட்ட காலையில் ஒளி இணைப்பு ரேடியோவுக்கு மாறுவது இயல்பு. மாறும்போது பூட்டும் கூடவே வர வேண்டும்.

அதற்கு வழி எளிது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்பே பூட்டிவிடுங்கள். ஐபிசெக் சுரங்கத்தை இரு கட்டடத்து ரவுட்டர்களுக்கு நடுவே போட்டால், அடியில் ஒளியா ரேடியோவா என்ற கேள்வியே எழாது. மேக்செக்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் ரேடியோ போர்ட்டிலும் தனியாக வையுங்கள். ரேடியோவின் சொந்தக் குறியாக்கத்தையும் இயக்குங்கள்.

இதை இயற்கையின் வேலை என்று மட்டும் நினைக்கக் கூடாது. கற்றையின் வழியில் ஒரு துணியைக் காயப்போட்டால்கூட ஒளி நின்றுவிடும். ஒட்டுக்கேட்க விரும்புபவர் கடினமான ஒளியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அதை மறைத்துவிட்டு ரேடியோவுக்குத் தள்ளினால் போதும். தெளிந்த நாளில் இணைப்பு ரேடியோவுக்கு மாறினால் உடனே ஒருவர் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

மாடிக்கு யார் யார் வருகிறார்கள்?

தண்ணீர்த் தொட்டி கழுவுபவர், டிஷ் மாட்டுபவர், ஏசி மெக்கானிக், வடகம் காயவைக்கும் பாட்டி. மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. ஒளிக்கருவியிலிருந்து கீழே இறங்கும் கேபிள் அங்கேதான் கிடக்கிறது. அதை வெட்டி நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் சொருகுவதற்கு லென்ஸும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

ஆகவே குறியாக்கம் செய்யும் ஸ்விட்ச் மாடியில் இருக்கக் கூடாது. கீழே, பூட்டிய அறையில் இருக்க வேண்டும். மாடிக்கு ஏறும் கேபிளில் ஏற்கெனவே பூட்டிய தரவுதான் போக வேண்டும். கருவிக்குள்ளேயே இருக்கும் குறியாக்கத்தை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். அதில் மாடிக் கேபிள் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

கருவியின் நிர்வாகப் பக்கத்தையும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், நிர்வாகத்துக்குத் தனி விலான் கொடுங்கள். கருவியில் மினுங்கும் சின்ன விளக்குகளையும் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவால் மூடிவிடுங்கள். இது மிகையான பயமில்லை. 2002-இல் ஜோ லாஃப்ரி, டேவிட் அம்ஃப்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சில மோடம்களின் எல்.இ.டி. விளக்குகள் உள்ளே ஓடும் தரவுக்கு இசைவாகவே மினுங்குவதையும், தூரத்திலிருந்து அதைப் படித்துவிட முடிவதையும் காட்டினார்கள். பூட்டுவதற்கு முந்தைய தரவு ஓடும் கருவிகளின் விளக்குகள் ஜன்னலைப் பார்த்திருக்கக் கூடாது.

ஒளி அளவின் பதிவேடு

வாங்கும் ஒளியின் அளவை நிமிடத்துக்கு ஒருமுறையாவது பதிவு செய்யுங்கள். ஒரு மாதம் போனால் உங்கள் இணைப்பின் நாடி பிடிபடும். பறவை குறுக்கே பறந்தால் கண்ணிமைக்கும் நேரம் விழுந்து எழும். வெயில் ஏறும்போது மெல்லச் சரிந்து மாலையில் திரும்பினால் தூண் வளைகிறது. நாளாக ஆக ஒரு திசையில் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால் லென்ஸில் தூசி அல்லது புறா எச்சம். தெளிந்த வானில் திடீரென ஒரு படி இறங்கி அங்கேயே நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். கற்றைக்குள் ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது.

ஆனால் தாண்டிப்போகும் ஒளியைப் பின்னாலிருந்து பொறுக்குபவரை இந்தப் பதிவேடு காட்டிக்கொடுக்காது என்பதை மறுபடியும் சொல்கிறேன். வரைபடம் அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து யாரும் கேட்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

இந்தியாவில் இதற்குச் சட்டக் கடமையும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு மீறல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஒளிக்கருவியின் பதிவையும் அதே சேமிப்பில் சேர்த்துவிடுங்கள். இரு முனைகளின் கடிகாரங்களும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவு பயன்படாது.

குவாண்டம் வாங்கலாமா?

இந்தக் கேள்வி இப்போது எல்லாக் கூட்டங்களிலும் வருகிறது. ஒற்றை ஒளித்துகள்களில் சாவியை அனுப்பினால், நடுவில் யாராவது அளந்து பார்த்தால் தடம் பதிந்துவிடும் என்பது 1984-இல் பென்னட்டும் பிராசார்டும் தந்த கருத்து. 2007-இல் கேனரித் தீவுகளில் லா பால்மாவுக்கும் டெனரிஃபேக்கும் நடுவே 144 கிலோமீட்டர் வெட்டவெளியில் இதைச் செய்தார்கள். இஸ்ரோ 2021 மார்ச்சில் அகமதாபாத் வளாகத்தில் 300 மீட்டருக்குச் செய்து காட்டியது. 2025 ஜூனில் டெல்லி ஐ.ஐ.டி.யும் டி.ஆர்.டி.ஓ.வும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நிகழ்த்தியபோது சாவி கிடைத்த வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 240 பிட். பெருமைப்பட வேண்டிய வேலை. ஒரு வினாடியில் ஒரு 256 பிட் சாவிகூட முழுதாகக் கிடைக்காத நிலை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் சாவி மட்டும்தான் போகும். தரவைப் பூட்ட ஏ.இ.எஸ். எப்படியும் வேண்டும். மருத்துவமனையோ கல்லூரியோ வங்கிக் கிளையோ இன்று அதற்குப் பணம் போட வேண்டாம் என்பது என் முடிவு.

இன்று செய்ய வேண்டியது வேறு. பூட்டிய தரவை இன்று பதிவு செய்து வைத்துக்கொண்டு, நாளை குவாண்டம் கணினி வந்தபின் திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இருக்கலாம். நோயாளியின் விவரம் இருபது ஆண்டுக்குப் பிறகும் ரகசியம்தான். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினிக்கும் அசையாத குறியாக்கத் தரங்களில் முதல் மூன்றை வெளியிட்டது. புதிய ரவுட்டர் வாங்கும்போது சாவிப் பரிமாற்றத்தில் அவை உண்டா என்று கேளுங்கள். கையால் வைத்த நீளமான தற்செயல் சாவியோடு ஏ.இ.எஸ். 256 ஓடும் மேக்செக் இணைப்புக்கு இந்தக் கவலை குறைவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒருமுறை, மார்கழி பிறக்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒளிக்கருவியின் முகத்தை ஓர் அட்டையால் மூடுங்கள். இணைப்பு ரேடியோவுக்கு மாறட்டும். ரேடியோ போர்ட்டில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துத் திறந்து பாருங்கள். படிக்க முடிகிற ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது. போகிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். தவறிருந்தால் திருத்த அது போதுமான காலம்.